ஏழாவது எண்

2007 மே மாதம், கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் வைத்து என் சித்தி மகனை ஏமாற்றினேன். அவனுக்கு அப்போது 14 வயது. எனக்கு 21. பணமோ நகையோ நடுவில் இல்லை. ஒரு கணினி விளையாட்டுதான். சின்ன விஷயம், சின்ன விஷயம் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் அதை மூடி வைத்திருந்தேன்.

சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கம் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சித்தி அவரோடு வார்டிலேயே இருந்தார். பையன் எங்கள் வீட்டில். பெரியாஸ்பத்திரியில் யாராவது படுத்தால் கோரிப்பாளையத்தில் சொந்தம் இருப்பவர்கள் அடுப்பை அணைக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு அப்படி எத்தனையோ பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். தர்காவுக்குப் பின்னால் எங்கள் சந்து. தினமும் பன்னிரண்டரைக்கு அம்மா சோறு, ரசம், ஒரு கூட்டு என்று தூக்குவாளியில் வைத்துக் கொடுப்பார். அவன் தேவர் சிலையைச் சுற்றிக்கொண்டு பனகல் சாலை வழியாக நடந்தே போய்க் கொடுத்துவிட்டு, அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் காலி வாளியோடு வருவான். இந்த நேரக் கணக்கை நான் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போது எனக்குக் கல்லூரியில் இரண்டு பாடம் அரியர். அப்பா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கூட்டுறவு சங்கத்தில் கடன் எடுத்து அவர் வாங்கிக் கொடுத்த கணினி மாடியறையில் இருந்தது. அந்த அறையில் மட்டும்தான் எனக்கு மரியாதை. சந்துப் பையன்கள் ஐந்தாறு பேர் சாயங்காலமானால் மேலே வந்துவிடுவார்கள். நான் விளையாடுவதைப் பார்ப்பார்கள், அவர்கள் விளையாட நான் அனுமதி கொடுப்பேன்.

நாங்கள் விளையாடியது டூம். 1993 டிசம்பர் 10-ம் தேதி ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ஆட்டம். ஜான் கார்மாக் எழுதிய நிரல், அறைகளில் பல ஜான் ரொமேரோ கட்டியவை. மூன்று பாகங்களில் முதல் பாகத்தை, ஒன்பது கட்டங்கள், இலவசமாகவே கொடுத்தார்கள். இரண்டு ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது ஆட்டத்துக்கு வயது பதின்மூன்று ஆகியிருந்தது. ஆனால் எங்கள் கணினியில் புது ஆட்டங்கள் ஓடாது. டூம் ஓடும். அதுவும், 1997-ல் கார்மாக் நிரலின் மூலத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு, பலர் பல வடிவங்களில் அதைப் புதிய கணினிகளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் சாக்லெட் டூம் என்று ஒன்று 2005-ல் வந்தது. பழைய ஆட்டம் எப்படி இருந்ததோ அப்படியே, அதன் பிழைகள்கூட மாறாமல், திருப்பித் தருவதுதான் அதன் நோக்கம். நான் வைத்திருந்தது அது.

இந்தப் பழைய ஆட்டத்தைச் சும்மா திறந்தால் திறக்கும். ஆனால் இன்ன கட்டத்தில் ஆரம்பி, இன்ன கடினத்தில் ஆரம்பி, இதைப் பதிவு செய் என்று சொல்ல வேண்டுமானால் கறுப்புத் திரையில் ஒரு நீண்ட கட்டளை வரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் நாம் கேட்டது நடக்காது. இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான் லாஞ்சர்கள் வந்தன. நான் பயன்படுத்தியது இசட்.டி.எல். ஒரு சின்ன சன்னல். எந்த டூம், எந்தக் கோப்பு, எந்தக் கட்டம், எவ்வளவு கடினம் என்று நாம் தேர்ந்தெடுத்தால், அந்த வரியை அதுவே எழுதி ஆட்டத்தின் கையில் கொடுத்துவிடும். ஆட்டத்துக்குள் அது எதையும் மாற்றுவதில்லை. அதன் வேலை ஒரு வரி எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். விளையாட உட்காருகிறவன் அந்த வரியைப் பார்ப்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்துகிறான், கதவு திறக்கிறது.

முன்பக்கத்தில் கூடுதல் கட்டளைகளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அது கண்ணில் படும். அமைப்புகளுக்கான பக்கத்தில் இன்னொரு பெட்டி உண்டு. எப்போது ஆட்டத்தைத் தொடங்கினாலும் கூடவே சேர்த்துவிட வேண்டிய சொற்களை அதில் எழுதி வைக்கலாம். ஒரு முறை எழுதினால் போதும், பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

தம்பி வந்த முதல் நாள் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தான். இரண்டாம் நாள், "அண்ணே, ஒரு தடவை ஓட்டிப் பாக்கவா?" என்றான். ஒரு வாரத்தில் அவன் கை பழகிய விதத்தை நான் இன்றும் சொல்ல முடியும். அவன் சுடுவதைவிட நகர்வதைக் கற்றுக்கொண்டான். நாங்கள் எல்லோரும் கதவு திறந்ததும் நின்று சுடுவோம். அவன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போவான், பேய்கள் எறியும் நெருப்புருண்டை அவன் நின்றிருந்த இடத்தில் வந்து விழும்போது அவன் அங்கே இருக்கமாட்டான்.

எங்களுக்குள் ஒரு போட்டி வைத்திருந்தோம். முதல் பாகத்தின் மூன்றாவது கட்டம், நச்சு ஆலை. மஞ்சள் சாவி, நீலச் சாவி இரண்டையும் எடுத்து வெளியேற வேண்டும். ஐந்து கடின அளவுகளில் நடு அளவு. கட்டம் முடிந்ததும் ஆட்டமே நம் நேரத்தைக் காட்டும், பக்கத்தில் அது எதிர்பார்த்த நேரத்தையும் காட்டும். அந்தக் கட்டத்துக்கு அது 2 நிமிடம். என்னுடைய சிறந்த நேரம் 1:52. சந்தில் வேறு யாரும் இரண்டு நிமிடத்துக்குள் வந்ததில்லை. பதிவு இல்லாத நேரம் செல்லாது என்பதும் நான் போட்ட விதிதான். 1994 முதலே உலகத்தில் டூம் வேக ஓட்டக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், பதிவுக் கோப்பை அனுப்பித்தான் நேரத்தை நிரூபித்தார்கள். ஒவ்வொருவர் ஆட்டத்தையும் பெயரும் எண்ணும் போட்டு நானே பதிவு செய்து வைப்பேன்.

ஒன்பதாவது நாள் தம்பி 1:41-ல் முடித்தான்.

பையன்கள் கத்தியதில் அப்பா மாடிக்கு வந்துவிட்டார். என்ன என்று கேட்டார். சொன்னார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தார். "ஒரு வாரத்துல கத்துக்கிட்டான் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. அந்த வாக்கியம் எனக்குச் சொன்னதுகூட இல்லையோ என்னவோ. ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அவன் தூக்குவாளியோடு படியிறங்கியதும் லாஞ்சரைத் திறந்தேன்.

முதலில் என்னுடைய ஆட்டத்தை வேகமாக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். டர்போ என்று ஒரு கட்டளை உண்டு, ஆட்டக்காரனின் ஓட்டத்தைக் கூட்டிவிடும். ஆனால் அதைப் போட்டால் ஆட்டம் காட்டிக் கொடுத்துவிடும்; இன்னார் டர்போவில் ஓடுகிறார் என்று திரையின் மேலே அவ்வப்போது எழுத்து வரும். அது வேண்டாம் என்று விட்டேன். இன்னொரு கட்டளை இருந்தது. மைனஸ் ஃபாஸ்ட். அது எதிரிகளை வேகமாக்கும். நெருப்பு எறியும் பேய்களின் நெருப்புருண்டை இரண்டு மடங்கு வேகத்தில் வரும். சாதாரணமாக ஒரு முறை தாக்கியபின் எதிரி கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் மறுபடி தாக்குவான். இந்தக் கட்டளை இருந்தால் அந்த மூச்சுவிடும் நேரம் கிடையாது. கடின அளவு எதுவாக இருந்தாலும் மாறாது, லாஞ்சரின் முன்பக்கத்தில் நடு அளவு என்றேதான் இருக்கும். திரையில் ஒரு எழுத்தும் வராது.

அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெட்டியில் அதை எழுதினேன். ஆறு எழுத்துகூட இல்லை. கோபத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. எது கண்ணில் படும், எது படாது என்று உட்கார்ந்து யோசித்து, படாததைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் மூன்று முறை செத்தான். மறுநாள் நான்கு முறை. எந்த அறையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவனுக்கு மனப்பாடம், கால் போகும் வழி எல்லாம் சரி, ஆனால் முன்பெல்லாம் நழுவிவிடும் நெருப்பு இப்போது தோளில் அடித்தது. மூன்றாவது நாள் அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, நெருப்பு வேகமா வர்ற மாதிரி இருக்குண்ணே. எதுவும் மாத்துனீங்களா?"

"நான் என்னத்தடா மாத்தப் போறேன். ஒரு தடவை ஜெயிச்சுட்டா பயம் வந்துரும். பயந்தா எல்லாமே வேகமாத்தான் தெரியும்."

இதைச் சொன்னபோது என் குரல் தடுமாறவில்லை. அண்ணன் தம்பிக்குப் புத்தி சொல்வதுபோலவே சொன்னேன். பொறுமை வேண்டும் என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆங்கிலத்தில் இருந்த அந்தச் சன்னலில் எங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது; தமிழ்வழியில் எட்டாவது முடித்திருந்தான். பொத்தான் எங்கே என்று நான் காட்டியிருந்தேன், அதை அழுத்தினான்.

"ராசி இல்லண்ணே, விடுங்க" என்று ஒரு நாள் சொன்னான். அது இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் ராசி என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். டூமில் தற்செயல் என்று தோன்றுவதெல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுவது. அந்தப் பட்டியல் எல்லாக் கணினியிலும் ஒன்றுதான். ஆட்டக்காரன் அதே கணத்தில் அதே விசையை அழுத்தினால் அதே ஆட்டம்தான் நடக்கும். பதிவுக் கோப்புகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றில் படம் எதுவும் இல்லை. நொடிக்கு 35 முறை, விரல் என்ன செய்தது என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கும். இரண்டு நிமிட ஆட்டம் 17 ஆயிரம் பைட்டுகளைத் தாண்டாது. அந்த விரல் அசைவுகளைத் திரும்ப ஊட்டினால் ஆட்டம் முழுவதும் மறுபடி நடந்துகாட்டும்.

அவன் விட்டுவிடவில்லை. விட்டுவிடுவான் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், ஆனால் மூன்றாவது வாரம் வரை உட்கார்ந்தான். கடைசியில் ஒரு நாள் வெளியேறும் கதவைத் தொட்டுவிட்டான். நேரம் 2:04.

"நாலு செகண்டு போயிருச்சு. ரெண்டு நிமிசத்துக்குள்ள வந்தாத்தான் கணக்கு" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவன் சோறு கொண்டுபோனதும் அந்தச் சொல்லை அழித்தேன். சாயங்காலம் பையன்கள் எல்லோரும் இருக்கும்போது நான் உட்கார்ந்தேன். 1:48. என் வாழ்நாள் சிறந்த நேரம். அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். நெருப்பு மெதுவாக வந்தது அவனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் பயந்தால் வேகமாகத் தெரியும் என்று நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அண்ணன் பயப்படவில்லை, அதனால் மெதுவாகத் தெரிகிறது என்றுதான் அவன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "சூப்பர்ண்ணே" என்றான். மனசார. நான் சிரித்தேன்.

அதற்குப்பின் அவன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பியதும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதி இருந்தது. அதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இதனால்தான் அவன் வாழ்க்கை இப்படி ஆனது என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய். அவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு மோட்டார் காயில் கட்டும் வேலை கற்றுக்கொண்டான். உசிலம்பட்டியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கிணற்று மோட்டார் எல்லாம் அவனிடம்தான் வருகிறது. நன்றாக இருக்கிறான். ஆனால் ஒரு காதுகுத்து வீட்டில், சின்னப் பிள்ளைகள் செல்போனில் சுடும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, ஒருவன் போனை அவனிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை. "எனக்கு இதுக்கெல்லாம் கை வராதுப்பா. அண்ணன்ட்ட குடு, அண்ணன் ஓட்டுவாரு பாரு" என்று என்னைக் காட்டினான். கம்பியை நூல் பிசகாமல் சுற்றுகிற கை அது. நான் போனை வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பந்தியில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். அதுபோல இன்னும் மூன்று நான்கு சந்தர்ப்பம் என்னால் எண்ணிச் சொல்ல முடியும்.

கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை ஆரம்பித்த பிறகு வீட்டுக்குள் எந்நேரமும் புழுதி. பரணைக் காலி செய்து துடைக்கும்போது பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் கிடைத்தது. ஓடாது என்று நினைத்தேன். ஓடியது. பதிவுகள் அத்தனையும் இருந்தன, தம்பியுடையது மட்டும் 26.

டூமின் பதிவுக் கோப்பில் விரல் அசைவுகள் தொடங்குவதற்கு முன் 13 எண்கள் இருக்கும். முதல் எண் ஆட்டத்தின் பதிப்பு. அடுத்தது கடின அளவு, பிறகு பாகம், கட்டம். ஐந்தாவது, ஆறாவது வேறு விவரங்கள். ஏழாவது எண், மைனஸ் ஃபாஸ்ட் போட்டிருந்ததா இல்லையா. போட்டிருந்தால் 1, இல்லையென்றால் 0. கோப்பை உள்ளபடி எண்களாகத் திறந்து காட்டும் நிரலில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் 1:41-ல் முடித்த நாள் வரை ஏழாவது எண் 0. அதற்குப் பின் 14 கோப்புகளிலும் 1. என்னுடைய 1:48-ல் 0.

நான் அழித்தது லாஞ்சரில் இருந்த சொல்லைத்தான். அந்தச் சொல் ஒவ்வொரு கோப்பிலும் போய் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

பதினான்கையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரே இரவில். முதல் சிலவற்றில் அவன் பழைய ஆட்டத்தையே ஆடி அடிபடுகிறான். ஐந்தாவதில் ஒரு மாற்றம். கதவு திறந்ததும் உடனே நகராமல், நெருப்பு எறியப்படும் வரை ஒரு நொடி காத்திருந்து எதிர்ப்பக்கம் போகிறான். எட்டாவதில் தூணை மறைவாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டான். கடைசிக் கோப்பில் நீலச் சாவியை எடுத்துத் திரும்புகிற இடத்தில் இரண்டு உருண்டைகளுக்கு நடுவில் புகுந்து வருகிறான், எனக்கு அது சாதாரண வேகத்திலும் வராது. மறுநாள் மைனஸ் ஃபாஸ்ட் போட்டு நானே முயன்று பார்த்தேன். பல நாள் முயன்றேன். ஒரு தடவைகூட கதவு வரை போகவில்லை.

அவன் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்று அந்த மூன்று வாரமும் நம்பவைத்தேன். அந்த மூன்று வாரத்தில்தான் அவன் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போயிருந்தான். அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். நானும் அப்போது திரையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போனேன். ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். உட்காருங்கண்ணே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் எதுவும் சுற்றி வளைக்கவில்லை. செய்ததைச் சொன்னேன், அப்பா சொன்ன வார்த்தையையும் சொன்னேன், ஏழாவது எண்ணைக் காட்டினேன். அவன் எண்ணைப் பார்க்கவில்லை. "ஆட்டத்தப் போடுங்க" என்றான்.

2:04 கோப்பைப் போட்டேன். முழுவதும் பார்த்தான். தெருவில் லாரி போனபோதும் திரும்பவில்லை. வெளியேறும் கதவில் திரை உறைந்து நேரம் வந்ததும் கேட்டான்.

"நெருப்பு வேகமாத்தான வருது?"

"ஆமாடா. ரெண்டு மடங்கு."

"அப்ப எனக்குக் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு."

ஆமா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன், அதைக் கடைசியில் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. எப்போதும் நான் போனால் எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைப்பான். அன்று வரவழைக்கவில்லை. கையிலிருந்த கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எத்தனை சுற்று சுற்றியிருந்தோம் என்பது விட்டுப்போயிருக்க வேண்டும். சுற்றியதை எல்லாம் பிரித்துவிட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஒன்றிலிருந்து சுற்ற ஆரம்பித்தான்.